ஒரு வேளைக்கு இரண்டு துண்டு

எங்கள் கம்பெனியில் பாக்கெட்டின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொள்ள ஆறு பேர், பின்பக்கத்துக்கு நான் ஒருத்தி. முன்பக்கத்துக்காரர்களுக்குக் கண்ணாடி அறை, காபி மெஷின், சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. பச்சை இலை எந்த மூலையில் வரவேண்டும், பொரிந்த துண்டிலிருந்து ஆவி எந்தப் பக்கம் எழவேண்டும் என்று நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். எனக்குச் சோதனைக்கூடத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு மேசை. பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்குமே, புரதம் இவ்வளவு, கொழுப்பு இவ்வளவு, சோடியம் இவ்வளவு என்று, அதை எழுதுவதுதான் என் வேலை. யாருமே படிக்காத எழுத்தாளர் என்று ஆபீஸில் என்னைக் கிண்டல் செய்வார்கள். நானும் பல்லைக் காட்டி வைப்பேன். ஆனால் ஒரு ஆள் படித்தார், வரி விடாமல் படித்தார். அவர் என் அண்ணி.

நாங்கள் விற்பது கறி மாதிரி இருக்கிற, கறி இல்லாத துண்டுகள். சோயாவும் பட்டாணிப் புரதமும் சேர்த்து அழுத்தி, மசாலா ஏற்றி, உறையவைத்து, பாக்கெட்டில் அடைப்போம். மென்றால் நார் நாராகப் பிரியும். என் வேலை என்ன என்று யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் அடுத்த கேள்வி உடனே வந்துவிடும்: "அது உடம்புக்கு நல்லதா?" பஸ்ஸில் கேட்டிருக்கிறார்கள். பல் டாக்டர் என் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். அதற்கு என்னிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. "எதோட ஒப்பிட்டுக் கேக்கறீங்க?" என்பேன். கேட்டவர் முழிப்பார். கொழுப்பு வழிகிற கறியோடு ஒப்பிட்டால் நல்லதுதான், நார்ச்சத்துகூட இருக்கிறது. வீட்டில் வேகவைத்த பருப்போடு ஒப்பிட்டால் அவ்வளவு நல்லதில்லை, உப்பு ஜாஸ்தி. முதல் பாதியைச் சத்தமாகவும் இரண்டாம் பாதியை முணுமுணுப்பாகவும் சொல்லிவிட்டு நழுவிவிடுவேன். பன்னிரண்டு வருடமாக இதுதான் பிழைப்பு.

என் அண்ணன் கிரில் பட்டறை வைத்திருக்கிறான். ஐம்பத்திரண்டு வயது. இரண்டு பேர் தூக்குகிற இரும்புக் கேட்டை ஒற்றைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஊர்க்கதை பேசுகிறவன். கறி இல்லாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. போன வருடம் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்கியது. இதய டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பம்ப் களைச்சுப் போச்சு" என்றார். உடம்பில் நீர் கோக்கக் கூடாது, அதனால் உப்பில் கை வைக்கவேண்டும், ஒரு நாளைக்குச் சோடியம் ஆயிரத்து ஐநூறு மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, கொழுப்புக் கறி கண்ணிலேயே படக்கூடாது என்று எழுதிக் கொடுத்தார்.

அண்ணன் மூன்று நாள் தட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான். "இதத் தின்னு பொழைக்கறதுக்கு..." என்று ஆரம்பிப்பான், அண்ணி ஒரு முறை முறைத்ததும் மிச்சத்தை விழுங்கிவிடுவான். நான்காவது நாள் நான் ஒரு பெட்டியோடு போய் இறங்கினேன். எங்கள் கம்பெனியில் ஊழியர்களுக்கு மாதம் ஒரு பெட்டி இலவசம், முப்பது பாக்கெட். அண்ணி அன்றே ஒரு பாக்கெட்டை எண்ணெய் அதிகம் இல்லாமல் வதக்கி வைத்தார். அண்ணன் ஒரு துண்டை வாயில் போட்டுக் கண்ணை மூடி மென்றான்.

"பொய்க்கறி," என்றான். "ஆனா நல்ல பொய்."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "இந்த வீட்டுக்கு நீ செஞ்சதுலயே இதான் பெருசு," என்றார். நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்து இன்னொரு கை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் காது மடல்வரை எரிகிறது.

அந்தக் கட்டத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன். அண்ணனுக்கு உடம்பு கெடுவதற்கு ஒரு வருடம் முன்னால் அரசாங்கம் ஒரு விதி போட்டது. ஒரு வேளை அளவில் சோடியம் நானூறு மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் பாக்கெட்டின் முன்பக்கத்தில் சிவப்பு வட்டம் போடவேண்டும். எங்கள் பாக்கெட்டில் பன்னிரண்டு துண்டு. அதுவரை ஒரு வேளை என்றால் அரைப் பாக்கெட், ஆறு துண்டு, சோடியம் அறுநூறு என்று எழுதிவந்தோம். ஜனங்கள் சாப்பிடுவதும் அவ்வளவுதான். அறுநூறு என்றால் சிவப்பு வட்டம் விழும், பச்சை இலைக்குப் பக்கத்திலேயே விழும். உப்பைக் குறைத்துச் செய்து பார்த்தார்கள், ருசி பார்க்கிற குழுவில் ஒருவர்கூட இரண்டாவது துண்டைத் தொடவில்லை. கண்ணாடி அறையில் எல்லோரும் இழவு வீடு மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வேளை என்றால் எவ்வளவு என்பதை விதி சொல்லவில்லை. அதைக் கம்பெனியே முடிவு செய்துகொள்ளலாம் என்று எட்டாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைக் கண்டுபிடித்தது நான். "ஒரு வேளைக்கு ரெண்டு துண்டுன்னு போட்டா இருநூறுதான் சார் வரும்" என்று சொன்னதும் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஆறு துண்டை இரண்டு துண்டுக்குள் மறைத்தேன். "ஒரு வேளை அளவு: நாற்பது கிராம். சோடியம்: இருநூறு." சட்டப்படி எல்லாம் சரி. இரண்டு துண்டோடு எழுந்துபோகிற மனுஷனை நான் இதுவரை பார்த்ததில்லை.

பெட்டி கொடுத்த இரண்டாம் வாரம் அண்ணி போன் செய்தார். நான் அப்போது கண்ணாடி அறையில், முன்பக்கத் தலைவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். என் போனில் பேசினால் ஸ்பீக்கரே வேண்டாம், அடுத்த தெருவுக்குக் கேட்கும்.

"ஒரு சந்தேகம்மா," என்றார் அண்ணி. "பின்னாடி ஒரு வேளைக்கு சோடியம் இருநூறுன்னு போட்டிருக்கே. ஒரு வேளைன்னா நான் அவருக்குத் தட்டுல ஒரு தடவ வைக்கிறதுதானே? அப்படித்தானே கணக்கு வச்சுக்கணும்?"

முன்பக்கத் தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். மற்றவர்களும் பார்த்தார்கள். "இல்லண்ணி, அது ரெண்டே ரெண்டு துண்டுக்கு" என்று அந்த அறையில் வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

"ஆமாண்ணி, அதான். அப்புறம் பேசறேன்," என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் பேசவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். நாலைந்து நாள் போனை எடுத்து எடுத்து வைத்தேன். ரெண்டு துண்டு கூடப் போனால் குடியா முழுகிவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வாரம் இரண்டு தடவைதானே சமைப்பார், அண்ணனுக்கு அலுத்துப்போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு தொலைபேசியை எடுப்பதும் நின்றுபோயிற்று.

அண்ணனுக்கு அலுக்கவில்லை. அண்ணி ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, தினமும் அதில் எழுத ஆரம்பித்தார். காலையில் இவ்வளவு, மதியம் இவ்வளவு, ரொட்டியில் இவ்வளவு, பாலில் இவ்வளவு, பொய்க்கறி மதியம் இருநூறு, ராத்திரி இருநூறு. கூட்டல் ஆயிரத்து நானூறைத் தாண்டாது. தாண்டினால் மறுநாள் ரொட்டி கிடையாது. வீட்டில் இருந்த உப்பு டப்பாவைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வைத்திருந்தார், கை தவறிக்கூடப் போட்டுவிடக்கூடாது என்று. பத்தாவதோடு படிப்பை நிறுத்திய அண்ணி மில்லிகிராமில் பேசுவதைக் கேட்டு அண்ணன், "எங்க வீட்டுல இப்போ ரெண்டு சயின்டிஸ்ட்" என்று சிரிப்பான்.

நான்காவது மாதம் அண்ணனின் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. இதய டாக்டர் ஒரு நாள் முழுக்கச் சிறுநீர் சேர்த்துக் கொண்டுவரச் சொன்னார். ரிப்போர்ட் வந்த அன்று மூன்று பேரும் போனோம்.

டாக்டர் காகிதத்தை மேசையில் வைத்து விரலால் தட்டினார். "சோடியம் ரெண்டாயிரத்து இருநூறு. நான் எவ்வளவு சொன்னேன்?"

"ஆயிரத்து ஐநூறு," என்றார் அண்ணி. "நாங்க ஒரு நாள்கூட அதத் தாண்டல டாக்டர். இதோ நோட்டு..."

"நோட்டுல என்ன வேணா எழுதலாம்மா. இது பொய் சொல்லாது." அவர் நோட்டை வாங்கக்கூட இல்லை. "புருஷன் மூஞ்சி வாடுதேன்னு ஒரு சிட்டிக போடுவீங்க. அப்புறம் பாசத்துல இன்னொரு சிட்டிக. எத்தன வீட்டப் பாத்திருக்கேன்."

"சத்தியமா இல்ல டாக்டர். வீட்டுல உப்பே கிடையாது. மதியம் அந்தச் சைவத் துண்டு அரைப் பாக்கெட், ராத்திரி அரைப் பாக்கெட், அதுக்கு இருநூறும் இருநூறும் நானூறு..."

டாக்டர் காதில் வாங்காமல் எதையோ எழுதிக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் அது காதில் விழுந்தது. தினமும் ஒரு பாக்கெட்! தலைக்குள் கணக்கு தானாக ஓடியது. அரைப் பாக்கெட் ஆறு துண்டு, அறுநூறு. இரண்டு வேளைக்கு ஆயிரத்து இருநூறு. அண்ணி எழுதியது நானூறு. விட்டுப்போனது எண்ணூறு. அண்ணியின் ஆயிரத்து நானூறோடு அந்த எண்ணூறைக் கூட்டினால் ரிப்போர்ட்டில் இருக்கும் எண் அப்படியே வந்து நின்றது. ஒரு சிட்டிகைக்குக்கூட அதில் இடமில்லை.

அண்ணியின் கண் நிறைந்துவிட்டது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான்.

"அவள ஏன் டாக்டர் சொல்றீங்க? தப்பு என்னோடது. பட்டறைக்கு எதுத்தாப்புல ஒரு கடை இருக்கு. தினம் சாயங்காலம் அங்க போய் நல்லா உப்பும் காரமுமா தின்னுட்டுத்தான் வீட்டுக்குப் போவேன். இவளுக்குத் தெரியாது."

அண்ணி திரும்பி அவனைப் பார்த்தார். டாக்டர், "பாத்தீங்களா, எப்படியும் வெளிய வந்துடும்" என்று சிரித்தபடி, கோப்பில் எழுதியதைப் படித்தே காட்டினார்: "வீட்டில் உணவுக் கட்டுப்பாடு கடைப்பிடிக்கவில்லை." திறந்த வாயை நான் மூடிக்கொண்டேன். அண்ணன் சொல்வது பொய் என்று அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். தெரிந்தும் எனக்கு முதலில் வந்தது என்ன தெரியுமா? அப்பாடா என்ற நிம்மதி. இதை எழுதும்போது கை கூசுகிறது, ஆனால் அதுதான் நடந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு நின்றுபோயிற்று. இருபத்தைந்து வருடமாக ஒரு நாள்கூட முகம் திருப்பிப் படுக்காதவர்கள். அண்ணி அவனிடம் கோபித்துக் கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பாட்டை வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்றுகொள்வார். மறுநாள் காலை அவனோடு பட்டறைக்குக் கிளம்பிவிட்டார். வாசலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, எதிர்க்கடைக்கு அவன் போகாமல் சாயங்காலம்வரை காவல். வெல்டிங் பொறி பறக்கிற இடத்தில், இரும்புத்தூள் காற்றில், முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பட்டறையில் வேலை செய்கிற இரண்டு வெல்டர்களும், "அக்கா டூட்டிக்கு வந்தாச்சு, முதலாளி இனி ஜெயில்தான்" என்று கேலி செய்தார்களாம். அண்ணன் அதற்கும் சிரித்தானாம்.

நான் என்ன செய்தேன்? ஆபீஸில் முன்பக்கத் தலைவரிடம் போய், அந்த இரண்டு துண்டைப் பழையபடி ஆறாக மாற்றிவிடலாம் என்றேன். "ஏன், தப்பா இருக்கா?" என்றார். சட்டப்படி தப்பில்லை என்றேன். "அப்புறம் என்ன? எதோட ஒப்பிட்டு நீங்க கெட்டதுன்னு சொல்றீங்க?" என்றார். என் பதிலையே என் வாயில் திணித்து அனுப்பிவிட்டார். சரி, குறைந்தபட்சம் பாக்கெட் அந்த வீட்டுக்குப் போகாமலாவது தடுப்போம் என்று அண்ணியிடம், "இந்த மாசத்துலேருந்து ஊழியர் பெட்டியை நிறுத்திட்டாங்கண்ணி" என்று ஒரு பொய் சொன்னேன். உண்மையைச் சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்துக்குப் பயந்து நான் சுற்றிய சுற்று கொஞ்சமில்லை. பெட்டியை என் வீட்டு ஃப்ரீஸரில் அடுக்கி வைத்துவிட்டு, பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதியாகத் தூங்கக்கூடச் செய்தேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போனேன். அண்ணன் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். செருப்பு காலுக்குள் நுழையவில்லை என்று பின்பக்க வாரை அறுத்து விட்டிருந்தான். "வாம்மா" என்று சொல்வதற்கு இரண்டு தடவை மூச்சு விட்டான்.

சமையலறையில் அண்ணி ஃப்ரிட்ஜைத் திறந்தார். மேல்தட்டு முழுக்க எங்கள் பாக்கெட். பச்சை இலை வரிசையாக என்னைப் பார்த்தது.

"நீ பெட்டி கிடைக்கலன்னு வருத்தப்படாத," என்றார். "கடையில வாங்கிட்டேன். ஆஃபர் போட்டிருந்தான், வரிசையில நின்னு ஒரு பாடு பட்டுட்டேன். இப்போ காலையிலயும் சேத்து மூணு வேளையும் குடுக்கறேன். வயிறு நிறைஞ்சிருந்தா மனுஷன் கடைப்பக்கம் போகமாட்டார்ல? அப்படியும் கால் வடியல பாரு. நான் பட்டறையில உக்காந்திருக்கும்போதே எந்த வழியா போய்த் திங்கறாரோ!"

சொல்லிக்கொண்டே ஒரு பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்தார்.

"அண்ணி, அதக் கீழ வைங்க."

"ஏன்?"

"வைங்கண்ணி. அவன் எங்கயும் திங்கல. அவன் டாக்டர்கிட்ட சொன்னது பொய்."

அண்ணி கத்தரியோடு நின்றார். இதற்கு மேல் நழுவ வழியில்லை. பாக்கெட்டை அவர் கையிலிருந்து வாங்கி, வெட்டிய வாயைக் கவிழ்த்து, இரண்டே இரண்டு துண்டை எடுத்து ஒரு தட்டில் வைத்தேன்.

"நான் எழுதியிருக்கற இருநூறு இந்த ரெண்டு துண்டுக்கு. நீங்க வைக்கிறது ஆறு. ஒரு தட்டுக்கு அறுநூறு. நாலு மாசமா தினம் எண்ணூறு கூடப் போயிருக்கு. இந்த அஞ்சு வாரமா அதவிட ஜாஸ்தி."

அண்ணி தட்டையே பார்த்தார். "ரெண்டு துண்டா? இத யார் வீட்டுல ஒரு வேளைக்கு வைக்கிறாங்க?"

"யாரும் வைக்கமாட்டாங்க."

"நான் உன்கிட்ட கேட்டேனே. போன் பண்ணிக் கேட்டேனே. தட்டுல ஒரு தடவ வைக்கிறதுதானேன்னு."

"கேட்டீங்க. நான்தான் ஆமான்னு சொன்னேன். பக்கத்துல ஆபீஸ் ஆளுங்க இருந்தாங்க. எனக்கு மானம் பெருசா போச்சு."

"அந்த டாக்டர் ரூம்ல நீயும்தானே உக்காந்திருந்த?"

"அப்போவே எனக்குத் தெரியும் அண்ணி."

ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அண்ணி அடுப்பை அணைத்தார். "இந்த ரெண்டு துண்டுன்னு முதமுதல்ல சொன்னது யாரு? உன் மேலதிகாரியா?"

"நான்தான்."

"அதுக்கு உனக்கு என்ன குடுத்தாங்க?"

"ஒண்ணும் குடுக்கல," என்றேன். "கைதட்டினாங்க."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது. அண்ணி என்னைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குப் போனார். நானும் பின்னால் போனேன். அண்ணன் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான் என்று அவன் முகத்திலேயே தெரிந்தது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏங்க, நீங்க அந்தக் கடைக்குப் போகவே இல்லையா?"

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அப்படிச் சொன்னீங்க? அஞ்சு வாரமா உங்ககிட்ட ஒரு வார்த்த பேசாம, ஸ்டூலப் போட்டு உக்காந்து, ஊரே சிரிக்கற மாதிரி... சொல்லக்கூடாதா?"

"அந்த ஆளு உன்னத் திருடி மாதிரி பாத்தான்," என்றான் அண்ணன். "எனக்குப் பொறுக்கல. நீ ஒருவேளை தெரியாம எதையாவது போட்டிருப்பன்னு நெனச்சேன். போட்டாலும் எனக்காகத்தானே போட்டிருப்ப. சரி, பழி என் மேலயே இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

அண்ணி அவன் காலடியில் உட்கார்ந்து, வீங்கிய காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். செய்யாத தப்பை ஒரே நொடியில் தன் தலையில் போட்டுக்கொண்டவன் அவன். செய்த தப்பை ஒப்புக்கொள்ள எனக்கு ஐந்து வாரமும் அவன் இரண்டு காலும் தேவைப்பட்டன. அந்தக் கூடத்தில் எனக்கு நிற்க இடம் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தேன்.

"எங்க போற?" என்றார் அண்ணி, திரும்பிப் பார்க்காமல். "நாளைக்குக் காலையில ஒம்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடு. டாக்டர்கிட்ட நீயே உன் வாயால சொல்லணும். அந்தக் கோப்புல என்னப் பத்தி எழுதினத அவர் அடிக்கணும்."

ஒன்பதுக்கு முன்னாலேயே போய் நின்றேன். டாக்டரிடம் சொல்வது அண்ணியிடம் சொன்னதைவிடச் சுலபமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அவர் முதலில் அண்ணன் காலைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், நீர் இறங்க ஊசி போடச் சொல்லி நர்ஸோடு அவனை உள்ளே அனுப்பினார். "இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா நுரையீரல்ல ஏறியிருக்கும்," என்றார். அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். நான் சொன்னேன். பாக்கெட்டை மேசையில் வைத்து, கட்டத்தைக் காட்டி, எட்டாம் பக்கத்து வரியையும் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி கேட்டது.

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாக்கெட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். திருப்பி முன்பக்கத்தைப் பார்த்தார். மறுபடி பின்பக்கம்.

"நாற்பது கிராம்," என்றார். "நான் இருநூற மட்டும்தான் பாத்தேன்."

கோப்பை எடுத்து அந்த வரியைக் கோடு போட்டு அடித்தார். அண்ணியைப் பார்த்து, "என்ன மன்னிச்சுடுங்கம்மா, உங்க நோட்ட வாங்கிப் பாத்திருக்கணும்," என்றார். அண்ணி தலையை மட்டும் ஆட்டினார். டாக்டர் பேனாவை மூடவில்லை. யோசித்துக்கொண்டே இருந்தார்.

"இது விஷம் ஒண்ணும் இல்லம்மா," என்றார் என்னிடம். "நல்லா இருக்கறவங்க அளவோட சாப்பிட்டா கொழுப்புக் கறிக்கு இது எவ்வளவோ மேல். அத நம்பித்தான் நானும் சொன்னேன். கறிய விடமுடியலன்னு அழறவங்ககிட்ட எல்லாம் இந்தப் பேரத்தான் சீட்டுல எழுதிக் குடுத்திருக்கேன். ஆறு மாசமா எழுதறேன். இன்னிக்கு வெளிய உக்காந்திருக்கறதுலயே பாதிப் பேர் இருப்பாங்க."

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து வைத்தார். வெளியே காத்திருக்கிற அறை நிறைய ஆட்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில், காலை நீட்டிக்கொண்டு, கோப்பை மடியில் வைத்துக்கொண்டு. பின்வாசல் எங்கே இருக்கிறது என்றுதான் என் கண் தேடியது.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தார். நேற்றிலிருந்து அப்போதுதான் என்னைத் தொடுகிறார். பிடித்து இழுத்துக்கொண்டு அறை நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார்.

"கொஞ்சம் எல்லாரும் இங்க கேளுங்க," என்றார். "டாக்டர் உங்களுக்கு எழுதிக் குடுத்த சைவத் துண்டு பாக்கெட் இருக்கில்ல, அது பின்னாடி எழுதறது இவதான். எங்க வீட்டுப் பொண்ணு."

முன்வரிசையில் ஒரு அம்மாள் முகம் மலர்ந்து கை கூப்பினார். "நல்லா இருப்பம்மா. எங்க வீட்டுல மூணு பேரும் அதத்தான் சாப்பிடறோம்," என்றார். நல்ல சேதி ஏதோ சொல்லப்போகிறேன் என்று நினைத்து, பின்னால் இருந்தவர்கள் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்கள்.